அம்மா எழுந்திருக்கவில்லை

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு மதியம், புனேயை ஒட்டிய சிஞ்ச்வடில் மராத்தி நாடகம் ஒன்றுக்கு அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் போனோம். அப்பாவின் கம்பெனியில் இலவசப் பாஸ் கொடுத்திருந்தார்கள். குடும்பக் கதை என்றதும் அவர் சம்மதித்துவிட்டார்.

அக்கா அப்போது புருஷன் வீட்டிலிருந்து கிளம்பி வந்திருந்தாள். அந்த மனிதர் கைநீட்டி அடிக்கிறவர். அவளைச் சென்னைக்குத் திருப்பி அனுப்ப அப்பா டிக்கெட் எடுத்தாயிற்று. வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

மேடையில் ஆண்கள் சாப்பிட்டார்கள், மருமகள் நின்றாள். மாமனார் பேச்சை நிறுத்தாமலே காலித் தட்டை அவள் பக்கம் நீட்ட, அரங்கமே சிரித்தது. பிறகு அந்த வீட்டு மகள் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். அவன் அடிக்கிற அளவுக்கு நீ என்ன செய்தாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள்.

 என்னால் மேடையைப் பார்க்க முடியவில்லை. அக்கா கையிலிருந்த பாஸைத் துணுக்குத் துணுக்காகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அப்பா செருமினார், கால் மாற்றிப் போட்டார், மறுபடி செருமினார்.

"என்ன பக்வாஸ் இது? வெறும் உளறல். எந்திரிங்க, போலாம்," என்றார்.

நானும் அக்காவும் எழுந்துவிட்டோம். அம்மா அசையவில்லை.

"நீங்க போங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டு வர்றேன்."

பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அப்பா தனியாக வெளியேறினார். நாங்கள் மறுபடி உட்கார்ந்தோம்.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் அம்மா எழுந்து நடந்தாள். வெளியே டீக்கடை ஓரமாக அப்பா நின்றிருந்தார்.

"அவளைத் திருப்பி அனுப்பிட்டாங்க," என்றாள் அம்மா.

"அதுக்கு?"

"நம்ம பொண்ணு போகமாட்டா. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்க."

தமிழ் புரிகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"வீட்டுல நீங்க மட்டும்தான் பேசுவீங்க. இங்கயே சொல்லுங்க."

அப்பா திரும்பி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். டிக்கெட்டை அவர் ரத்து செய்யவில்லை. அக்கா இல்லாமலே அந்த ரயில் போயிற்று. அதன்பின் வெகுநாள் அவர் அம்மாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொன்னார். அம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இரவுகளில் அப்பாவும் அம்மாவும் தூங்காமல் புரள்வது எனக்குக் கேட்கும். அக்கா மட்டும் நன்றாகத் தூங்கினாள்.

பிறகு அவளுக்குப் புனேயிலேயே ஔந்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. விவாகரத்தும் ஆனது. ஊரிலிருந்து வரும் உறவினர்களிடம், வேலைக்காகத்தான் புனேயில் இருக்கிறாள் என்றே அப்பா சொல்லிவந்தார். அக்கா அருகில் இருந்தால், "வேலைக்காக இல்ல, அவரை விட்டுட்டு வந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே அதைத் திருத்துவாள்.