செம்பருத்திப் படம் போட்ட அக்கா

புனேயில் என்னிடம் கதை கேட்டுப் போன் செய்கிறவர்கள் பலர். நான் கதை எழுதுகிறவள் அல்ல. பத்தாவதோடு படிப்பு முடிந்தது. கல்யாணமாகித் திண்டுக்கல்லிலிருந்து கசார்வாடிக்கு வந்த பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், அவ்வளவுதான். ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் மாத நாவல்களைக் கட்டாக வாங்கி வருவேன். இப்போது போனிலேயே தொடர்கதைகள் வருகின்றன. இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் வைத்திருக்கும் போன் குரூப்பில் ஒரு நாள் யாரோ, "படிக்க நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்" என்று கேட்கப்போக, நான் வாயைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த டிபார்ட்மென்ட் என்னுடையதாகிவிட்டது.

என்ன பிடிக்கும் என்று நான் யாரையும் முதலில் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் கொஞ்சம் நல்லவர்களாகிவிடுகிறார்கள். "கருத்துள்ள கதையா இருந்தா நல்லது" என்பார்கள். கருத்துள்ளதைக் கொடுத்தால் இரண்டு மாதம் கழித்து, மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். அதனால் எப்போது படிப்பீர்கள் என்றுதான் கேட்பேன். குக்கர் விசிலுக்கு நடுவில் படிக்கிறவளுக்கு, எங்கே விட்டாலும் பிடித்துக்கொள்ளும்படியான குடும்பக் கதை. கம்பெனி பஸ்ஸில் படிக்கிறவனுக்கு, ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் முடிகிற துப்பறியும் கதை. இறங்கும் இடத்தைத் தவறவிட்டால் அது அவன் பாடு.

அவர்கள் கேட்கிற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாணேரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "அக்கா, அழ வைக்கக் கூடாது. ஆனா ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் அழுதா பரவாயில்ல" என்றாள். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமி ஒருவர், "எழுத்து பெரிசா இருக்கணும், குடும்பம் சின்னதா இருக்கணும்டி. யார் யாருக்கு என்ன உறவுன்னு ஞாபகம் வெச்சுக்க முடியலை" என்றார். பட்டாளத்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்குச் சரித்திரக் கதை வேண்டும். "கத்தி இருக்கணும்மா, குதிரை இருக்கணும். கல்யாணத்தைக் கடைசிப் பக்கத்துல வெச்சுக்கட்டும்." மாமியாரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு, "அட்டைப்படம் அடக்கமா இருந்தாப் போதும்க்கா. உள்ள என்னமும் இருந்துட்டுப் போகட்டும்." இங்கேயே பிறந்து வளர்ந்த காலேஜ் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, எனக்குத் தமிழ் படிக்க வராது, கேக்க வரும். பேய்க் கதை ஆடியோல இருக்கா? நம்ம ஊர்ப் பேயா இருக்கணும், ஹிந்தி பேசற பேய் வேணாம்" என்றாள். தேடிக் கொடுத்தேன். பேய் சேலத்துப் பேய். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இத்தனை பேருக்குச் சொல்கிறேன். படித்து முடித்தால் "சூப்பர்க்கா" என்று வரும், கூடவே கைகூப்பும் படம். அதற்கு மேல் ஒன்றும் வராது. கதையில் அந்தத் தங்கச்சி செய்தது சரிதானா, அந்த டாக்டர் ஏன் அப்படிப் பொய் சொன்னான் என்று பேச ஆள் வேண்டாமா? அவர்களுக்கு வேலை இருக்கிறது. அடுத்த கதையின் பெயரைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வீட்டில் பேச ஆள் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் இருக்கிறார். ரஞ்சன்காவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றார். வேலையில் இருந்த காலமெல்லாம் இருட்டோடு கம்பெனி பஸ் ஏறி இருட்டியபிறகு வந்து இறங்கியவர். வந்தால் சாப்பாடு, தூக்கம். அப்போதெல்லாம் நான், "இவர் ரிட்டயர் ஆகட்டும், உட்கார்ந்து பேசலாம்" என்று நினைத்துக்கொள்வேன். ரிட்டயர் ஆனார், உட்கார்ந்தார். பால்கனியைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கீழே கார்கள் வருவதையும் போவதையும் பார்த்தார். பேச்சு மட்டும் வரவில்லை. பால் வந்திருச்சா, மோட்டார் போட்டாங்களா, கேஸ் புக் பண்ணியாச்சா. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எங்கள் பேச்சு. மகள் கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டால் அவளிடம் என்னைக் காட்டி, "அம்மாட்ட பேசு" என்று போனை நீட்டிவிடுவார்.

எனக்குப் பயமாக இருந்தது. மிச்சமிருக்கிற வருஷங்களும் இப்படியே போய்விடுமோ என்ற பயம். சண்டை போட்டிருந்தால்கூடச் சமாதானமாகலாம். எங்களுக்குள் சண்டையே இல்லை. அந்த மனுஷன் என்னோடு உட்கார்ந்து எதைப் பற்றியாவது பேச வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். எப்போ படிப்பீங்க என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார். துப்பறியும் நாவல் ஒன்றை நாற்காலிப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் அதை என்னிடமே நீட்டினார்.

"முடிச்சிட்டீங்களா?"

"கொன்னவன் யாருன்னு மூணாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்கன்னு படிக்க வேண்டாமா?"

"அது போலீஸ்காரன் வேலை."

சரித்திரக் கதை கொடுத்தேன். "இம்புட்டுக் குதிரைக்கும் எவன் கொள்ளு வெக்கிறது?" என்றார். நகைச்சுவைக் கதையை முழுசாகப் படித்தார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. ஊருக்கெல்லாம் ருசி பார்த்துக் கதை பரிமாறுகிறவளுக்கு வீட்டு ஆளின் ருசி தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

அப்போது நான் போனில் ஒரு தொடர்கதை படித்துக்கொண்டிருந்தேன். தெற்குப் பக்கத்துச் சின்ன ஊரிலிருந்து ஒரு பெண் எழுதுகிறாள். வாரத்தில் சில நாள் அத்தியாயம் வரும். லாரி வைத்து ஓட்டும் ஒருவனுக்கும் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்திக்கும் வற்புறுத்திக் கல்யாணம் செய்து வைத்துவிடுகிறார்கள். அவன் வாயே திறக்க மாட்டான். அவள் ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்து எதிர்பார்த்து ஏமாறுவாள். கதைக்குக் கீழே படிப்பவர்கள் கருத்து எழுதலாம். அந்த லாரிக்காரனைத் திட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. நான் ஒரு வரி எழுதியதில்லை. நான் வாயால் பேசுகிறவள், எழுதுவதெல்லாம் எனக்கு ஆகாது.

ஒரு நாள் என் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. யாரோ முன்பின் தெரியாத பெண். "அக்கா, உங்க கமென்ட் படிச்சு அழுதுட்டேன். எப்படிக்கா இவ்வளவு அழகா எழுதறீங்க?"

வேறு யாருக்கோ வர வேண்டியது என்று நினைத்துத் திறந்து பார்த்தேன். என் பெயர்தான். பக்கத்தில் நான் வைத்த செம்பருத்திப் படம். அதன் கீழே நான் எழுதாத கருத்துகள், அத்தியாயத்துக்கு ஒன்றாக.

முதல் கருத்து இப்படி இருந்தது: "பின் டயர் தேய்ந்த வண்டியில் அவ்வளவு லோடு ஏற்றிக்கொண்டு மலை ஏறக் கூடாது. கதாசிரியர் கவனிக்கவும்." அதற்கு ஒருத்தி, "செம அக்கா, நீங்க லாரியெல்லாம் ஓட்டுவீங்களா?" என்று கேட்டிருந்தாள். "கொஞ்சம் தெரியும்" என்று பதில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் போன தடவை வந்தபோது, எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று தன் பழைய டேப்லெட்டில் என் நம்பரைப் போட்டு அந்தக் கதைச் செயலியைத் திறந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். எனக்கு அடுப்படியில் போன்தான் வசதி. டேப்லெட் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அதை எடுத்து அவர் படித்திருக்கிறார். படித்ததோடு நிற்காமல் என் பெயரிலேயே எழுதியும் இருக்கிறார். ஊர் பேர் தெரியாத பெண்களெல்லாம் என் வீட்டுக்காரரை அக்கா, அக்கா என்று கூப்பிட, அவரும் அக்காவாகவே இருந்து பதில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண்ணை அழவைத்த கருத்தையும் தேடிப் படித்தேன். "அவனைத் திட்டாதீர்கள். விடியும் முன்னே எழுந்து வண்டி எடுக்கிறவன். அவள் கோபமாக இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தட்டு வைக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன சொல்வது என்பதுதான் அவனுக்குத் தெரியாது. அதற்குள் தூக்கம் வந்துவிடும். பிறகு பொழுது விடிந்துவிடும்."

சிரிப்பு நின்றுவிட்டது. தட்டு வைக்கிற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவருக்குத் தமிழில் டைப் அடிக்க வராதே, எப்படி எழுதுகிறார் என்று குழப்பமாக இருந்தது. அதுவும் தெரிந்தது. ஒரு சாயங்காலம் காய் வாங்கக் கிளம்பியவள், பையை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பினேன். கதவுக்கு வெளியே வந்ததும் உள்ளே பேச்சுச் சத்தம். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், அவர் குரல் மட்டும்தான். டேப்லெட்டில் பேசினால் அதுவே எழுத்தாகிவிடும் இல்லையா? அப்படிப் பேசிக்கொண்டிருந்தார். நிறுத்தாமல், ஒன்றன்பின் ஒன்றாக, நீளநீளமாக. இவருக்கு இவ்வளவு நீளமான பேச்சு உண்டா?

மாடிப்படியில் இறங்கி வந்த மராத்திக்காரப் பெண், "காய் ஜாலா, வஹினி?" என்று, என்ன ஆச்சு அண்ணி என்ற மாதிரி கேட்டாள். ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினேன். கதவைத் தட்டவில்லை. தட்டினால் நின்றுவிடும். பை இல்லாமலே கடைக்குப் போய், கொத்தமல்லியையும் வெண்டைக்காயையும் முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தேன். நான் வெளியே போனால்தான் அவருக்குப் பேச்சு வருகிறது. அன்று சாப்பாட்டில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. "பசிக்கலையா?" என்றார். "இல்ல" என்றேன்.

மறுநாள் நானும் எழுதினேன். எனக்கும் பேசினால்தான் வரும். கதவைச் சாத்திக்கொண்டு பாத்ரூமில் நின்று போனிடம் சொன்னேன்: "தட்டுச் சத்தம் கேட்டதென்றால் எழுந்து வந்து என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் மந்திரமா எதிர்பார்த்தாள்?"

அவருடைய கருத்துக்குக் கீழேயே அது போய் உட்கார்ந்தது. அதே பெயர், அதே செம்பருத்தி. சாயங்காலம் நான் காய் வாங்கித் திரும்புவதற்குள் பதில் வந்துவிட்டது: "கேட்டிருந்தால் அவள் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பாள்." நான் விடவில்லை. "ஒன்றுமில்லை என்றால் இன்னொரு தடவை கேட்க வேண்டும்." அவரும் விடவில்லை.

படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றியது. "அக்கா, காலையில ஜட்ஜ், சாயங்காலம் அவனுக்கு வக்கீலா?" என்று ஒருத்தி. "அக்காவுக்கு மனசு ரெண்டா இருக்கு, விடுங்கப்பா" என்று இன்னொருத்தி. வீட்டில் அதே பால் வந்திருச்சா, அதே மோட்டார் போட்டாங்களா. எழுதுவது நான்தான் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அந்த நம்பர் வேறு யாரிடமும் இல்லை. தெரிந்தும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அத்தனை பேசிவிட்டுச் சோறு போடும்போது இருவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருப்போம். முன்பாவது பேச்சு இல்லை என்று இருந்தது. இப்போது பேச்சு இருந்தும் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் நிற்கிறதே என்று இருந்தது. அந்த டேப்லெட்டைக் கண்டாலே எனக்கு ஆத்திரமாக வந்தது. துடைக்கும்போது அதை மட்டும் துடைக்காமல் விட்டேன்.

பிறகு கதை எழுதுகிற பெண்ணே கேட்டுவிட்டாள். எல்லோரும் பார்க்கும்படி, எங்கள் சண்டைக்குக் கீழே: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க ஐடில ரெண்டு பேர் இருக்கீங்களா?"

நான் பதில் எழுதவில்லை. அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று இருந்தேன். கம்பெனி ஆள் மாதிரி "தவறுக்கு வருந்துகிறேன்" என்று எழுதிவிட்டுச் செயலியையே மூடிவிடுவாரோ என்றும் இருந்தது. சாயங்காலம் காய் வாங்கப் போக வேண்டிய நேரம் வந்தது. போனால் பதில் எழுதுவார், எனக்குத் தெரியும். ஆனால் கால் நகரவில்லை. அடுப்படியிலேயே நின்று, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

ஹாலில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "காய் வாங்கப் போகலையா?" என்றார்.

"இன்னைக்குப் போகலை."

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார். டேப்லெட்டிடம் பேசுகிற அந்தக் குரல், நான் வீட்டில் இருக்கும்போதே வந்தது.

"ஆமாம்மா. இந்த வீட்ல நாங்க ரெண்டு பேர் இருக்கோம்."

குழாயை மூடினேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, டேப்லெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. பேசினால் எங்கே கெட்டுவிடுமோ என்று பயந்தாலும், நான் பேசாமல் இருக்கிற ஆள் இல்லையே.

"அந்தப் புள்ளைட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. அந்த லாரிக்காரன் பண்ணினது தப்புதான்னு."

"அது ஓங்கருத்து" என்றார் அவர். பக்கத்து நாற்காலியில் கிடந்த பேப்பரை எடுத்துக் கீழே வைத்தார். "நீயே உக்காந்து சொல்லு."