எண்ணெய் டப்பாவுக்கு அடியில் கிடைத்த தாள்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. பக்கம் முழுக்கக் கணினி நிரல். நடுவில் தேங்காயெண்ணெய் டப்பா உட்கார்ந்திருந்த துரு வட்டம். அந்த வட்டத்துக்குள் ஈரம் ஏறி, மை கலைந்து, நான்கு வரிகள் அழிந்துவிட்டன. அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், டீ டம்ளரைத் தாள்மேல் வைத்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். நான் அவ்வளவு பொறுப்பில்லாதவள் இல்லை என்று சொல்ல வாயெடுப்பேன். உடனே அந்தத் தாள் வந்த கதை நினைவுக்கு வரும், பேசாமல் இருந்துவிடுவேன்.

தாள் அண்ணாவுடையது. கூடப் பிறந்தவர் இல்லை, கூட வேலை பார்த்தவர். என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர். நான் கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவர் எருத்தேன்பதியில் தென்னையும் தக்காளியும் போடுகிற குடும்பம். என் தமிழைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும், அவர் தமிழைக் கேட்டால் எனக்கு. முதல் நாளே என்னை 'அம்மிணி' என்று கூப்பிட்டார். கேலி செய்கிறார் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுக் கைக்குழந்தையும் அம்மிணிதான், பக்கத்துத் தோட்டத்து அக்காவும் அம்மிணிதான் என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிரலைப் பலர் சேர்ந்து எழுதும்போது, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காத்து வைக்கிற மென்பொருள் உண்டு. நேற்று எழுதியது வேண்டுமென்றால் நேற்றைக்கே போய் எடுத்து வரலாம். அதைச் செய்கிற குழு எங்களுடையது. ஒவ்வொரு முறையும் முழுப் பிரதியை வைத்தால் இடம் கொள்ளாது. மாறிய துண்டுகளை மட்டும் வைத்து, ஒன்றோடொன்று கோத்துச் சேமிக்கும் புதிய வடிவம் ஒன்றைச் சோதனையாக நான் எழுதிக்கொண்டிருந்தேன். கோத்தது எங்கே அறுந்தது என்று உள்ளே இறங்கிப் பார்க்கும் கருவி அண்ணாவின் பொறுப்பு. அதற்கு 'தூர்வாரி' என்று பெயர் வைத்திருந்தார். முழுதாக முடியாமல் யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று மூன்று மாதமாகத் தன் கணினியிலேயே பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

அவர் குடும்பத்தில் ஒரு வழக்கம். புதுக் கிணறு வெட்டினால் முதல் ஒரு மாதம் அந்தத் தண்ணீரை அவர்கள் மட்டும்தான் குடிப்பார்கள். அதன் பிறகே அக்கம்பக்கத்தார் குடம் எடுத்து வரலாம். என் சேமிப்பு வடிவத்துக்கும் அதே மரியாதையைக் கொடுத்தார். "நம்ம வடிவத்த நாமளே நம்பலீன்னா ஊர்க்காரன் எப்படிங்க நம்புவான்?" என்று சொல்லி, தூர்வாரியை அதற்குள் ஏற்றிவிட்டு, பழைய பிரதியை அழித்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிணற்றுக்குள் இறங்குகிற ஏணியைக் கிணற்றுக்குள்ளேயே போட்டுவிட்டோம் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

அண்ணா ஊரில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். ஒரு மத்தியானம் இடி இடித்து எருத்தேன்பதியில் கரண்ட் போனது. கரண்ட் திரும்பியபோது கோப்பு திறக்கவில்லை. மூன்று மாத உழைப்பு உள்ளே. அதை வெளியே எடுக்கும் கருவியும் உள்ளே. மறுநாள் தொலைபேசிக் கூட்டத்தில், பழைய பிரதியை அழித்தது யார் என்று மேலாளர் கேட்டார். "நாந்தானுங்க. என்ற தப்புத்தானுங்க" என்றார் அண்ணா. இரண்டு வாரத்தில் தேறவில்லை என்றால் இந்தச் சோதனையையே நிறுத்திவிடலாம் என்றார் மேலாளர்.

நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணா அனுப்பியிருந்த கணினிப் பதிவைக் காலையிலேயே படித்திருந்தேன். கரண்ட் போன நொடியில் ஓடிக்கொண்டிருந்தது, பழைய துண்டுகளைக் கழித்துக் கட்டும் பகுதி. அது நான் எழுதியது. எந்த வரியில் தப்பு என்று தெரியாது, ஆனால் தப்பு அந்தப் பகுதியில்தான் என்று பட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறினேன்.

போன நேரத்தில் அண்ணா தக்காளிக் காட்டில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். "வாங்க அம்மிணி! இன்னிக்கு நம்ம தண்ணி முறைங்க. இத உட்டா இன்னும் பத்து நாளாகுமுங்க" என்றார். வாய்க்கால் வரப்பில் உட்காரச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். புது மடையை வெட்டி விடுவார். பழைய மடையை உடனே அடைக்கமாட்டார். தண்ணீர் கூடவே கடைசிப் பாத்திவரை நடந்து போவார், குனிந்து பார்ப்பார், திரும்பி வந்துதான் பழையதை அடைப்பார். ஒவ்வொரு தடவையும் அதே நடை. வெயிலில் பார்க்கிற எனக்கே கால் வலித்தது. எதற்கு இத்தனை தடவை போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நடுவால எலி வளை இருந்தா பாதித் தண்ணி அங்கியே போயிருமுங்க. கடைமடைக்குத் தண்ணி வந்துருச்சான்னு பாக்க வேண்டாமுங்களா?"

என் நிரல் பார்க்கவில்லை. புதுத் துண்டை எழுதச் சொல்லிவிட்டு, அது கணினி வட்டில் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமலே பழையதைக் கழித்துவிடும். இடையில் கரண்ட் போனால் புதியதும் இல்லை, பழையதும் இல்லை. அந்த வரப்பிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணா, தப்பு உங்க மேல இல்லை. என் நிரல்லதான். அன்னிக்கே நேக்கு சந்தேகம். கூட்டத்துல சொல்லாம இருந்துட்டேன்" என்றேன்.

அவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துக்கொண்டே இருந்தார். கோபம்தான், முகத்தில் தெரிந்தது. "மூணு நாளா நாங் கெடுத்துட்டேன்னு நெனச்சுத் தூங்கலீங்க" என்றார். பிறகு, "போச்சாது உடுங்க. இன்னியாவது சொன்னீங்களே. அழிச்சது நாந்தானுங்களே" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கழித்த துண்டுகள் கோப்பிலேயே கிடக்கும். அந்த இடத்தில் வேறு எழுதும்வரை அழியாது. எடுக்கத்தான் தூர்வாரி வேண்டும். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது: ஒரு மாதத்துக்கு முன், வரப்பில் உட்கார்ந்து படிப்பதற்காகத் தூர்வாரியின் நிரல் முழுவதையும் அச்செடுத்திருந்தார். வீட்டுக்கு ஓடினோம். "அந்தக் கடுதாசிங்களா? சமையக்கட்டு அலமாரிக்கு விரிச்சுட்டனுங்க" என்றார் அவர் மனைவி. "நீங்கதான இனி வேண்டாம்னீங்க!"

அலமாரியில் இருந்த டப்பாக்கள் அத்தனையும் தரைக்கு வந்தன. மஞ்சள் கறையோடு, மிளகாய் நெடியோடு நாற்பது தாள்களை வரிசைப்படுத்தினோம். ஒன்று குறைந்தது. எண்ணெய் டப்பாவைத் தூக்கினால் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வாசிக்க அவர் தட்டினார், அவர் வாசிக்க நான் தட்டினேன். தும்மல்தான் நிற்கவில்லை. துரு வட்டத்துக்குள் போன நான்கு வரிகளை மட்டும் அவரால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அந்த இடத்தில் இருவரும் சேர்ந்து புதிதாக ஒன்றை எழுதினோம்: புதுத் துண்டு கடைசிவரை வட்டில் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் சோதனை. அதற்குக் 'கடைமடை' என்று பெயர். என் வடிவத்திலும் அதையே சேர்த்தேன்: புதியது போய்ச் சேராவிட்டால் பழையதைக் கழிக்க விடாமல் தடுத்துவிடும். இரண்டாம் நாள் கோப்பு திறந்தது. மூன்று மாத உழைப்பும் இருந்தது. அன்றைய கூட்டத்தில், கேட்பதற்கு முன்பே, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

அந்த வடிவம் இப்போது சோதனை இல்லை; எங்கெங்கோ இருக்கிறவர்கள் பயன்படுத்துகிறார்கள். தமிழ் ஓர் எழுத்தும் அறியாத ஊர்களிலிருந்து, 'கடைமடை தடுத்துவிட்டது, என்ன செய்வது' என்று எழுதிக் கேட்கிறார்கள். தடுத்தது நல்லது என்று பதில் எழுதுகிறேன். எழுதும்போதெல்லாம், அந்தக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு நிமிடம் எனக்கு நினைவுக்கு வரும். வரட்டும்.

போன மாதம் அண்ணா அலுவலகத்துக்கு வந்திருந்தார். கண்ணாடிமேல் குனிந்து தாளை வெகுநேரம் பார்த்தார். "அந்த நாலு வரி என்னன்னு இன்னும் ஞாபகம் வரமாட்டீங்குது அம்மிணி" என்றார்.

"வந்தாலும் சொல்லாதீங்கோண்ணா" என்றேன்.

சிரித்தபடி, கையிலிருந்த டீ டம்ளரைச் சரியாக அந்தத் துரு வட்டத்துக்கு மேலேயே வைத்தார்.