பவுர்ணமியில் ரீடேக் கிடையாது

பவுர்ணமி அன்று திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் எதிர்த்திசையில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? தயவுசெய்து பார்க்காதீர்கள். நான் நடந்தேன். கையில் மெகாஃபோன், கக்கத்தில் தலையணை.

போன பங்குனி பவுர்ணமி, சாயங்காலம் நாலு மணி, அடி அண்ணாமலை. நான் அப்போது விஸ்காம் கடைசி வருஷம். பத்து நிமிஷத்துக்கு ஒரு குறும்படம் எடுத்துக் கொடுத்தால்தான் பாஸ். கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு இன்னும் ஐந்தே நாள். படத்தின் கடைசி சீனுக்குப் பவுர்ணமிக் கூட்டம் வேண்டும். இன்றைக்கு விட்டால் அடுத்த பவுர்ணமிக்குள் செமஸ்டரே முடிந்துவிடும்.

கதை என்ன தெரியுமா? எங்கள் ஊர் டைரக்டர் ஒருத்தரின் வாழ்க்கை வரலாறு. காமெடியாக. அவர் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையை அடைத்துவிட்டுப் படம் எடுப்பார். இதுவரை இரண்டு படம். ஒன்று ஒரே ஒரு தியேட்டரில் நாலு நாள் ஓடியது, இன்னொன்று வெளியே வரவே இல்லை. அவரைப் பற்றி எங்கள் காலேஜில் சுற்றாத கதையே கிடையாது. டேபிள் ஃபேனை ஓடவிட்டு ஹெலிகாப்டர் சீன் எடுத்தார், ஹீரோ பாதியில் ஓடிப்போனதால் மீதிப் படத்தை அவன் அண்ணனின் முதுகை வைத்தே முடித்தார், இப்படி. எல்லாவற்றையும் விட ஹைலைட், போர்க்களக் காட்சிக்குக் கிரிவலக் கூட்டத்தையே படையாகக் காட்டியது. ஆட்டோ மேல் ஏறி நின்று மெகாஃபோனில் பக்தர்களைப் பார்த்து 'எதிரி வர்றான், ஓடுங்க' என்று கத்தினாராம். இதுதான் என் கிளைமாக்ஸ்.

அவரிடம் போய், உங்களைப் பற்றிப் படம் எடுக்கிறோம் சார் என்று மட்டும் சொன்னேன். காமெடி என்று சொல்லவில்லை. மனுஷன் கண் கலங்கி, எங்கள் ஸ்கிரிப்டை இலவசமாக ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அதோடு நிற்காமல் ஷூட்டிங்குக்கும் வந்துவிட்டார். அங்கே ஆரம்பித்தது தலைவலி. கேமராவை இந்தப் பக்கம் வை என்றார். வெயில் மாறுது, சீக்கிரம் என்றார். முகத்தில் வெளிச்சம் விழப் பிடிக்கிற தெர்மாகோல் எதுக்கு என்று கேட்டுவிட்டுத் தன் வேட்டி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து உதறி, என் ஃப்ரெண்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். யார் படம் சார் இது என்று வாய் வரைக்கும் வந்தது.

அவராக நடித்தவன் என் கிளாஸ்மேட், கீழ்பென்னாத்தூர்க்காரன். வயிற்றில் தலையணை, ஒட்டு மீசை, கையில் மெகாஃபோன். ஆட்டோவுக்கு யாரும் சம்மதிக்காததால் கூட்டத்தோடு நடந்தபடியே கத்துவதாக மாற்றிவிட்டேன். டைரக்டர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கேமராவை நானே எடுத்துக்கொண்டு ஒரு மினி லாரி மேல் ஏறினேன். பட்டனை அழுத்தி, ஆக்‌ஷன் என்றேன். பயல் பின்னி எடுத்தான். மக்கள் திரும்பிப் பார்த்தார்கள், முறைத்தார்கள், ஒரு பாட்டி கையை ஓங்கினார். தங்கமான ஷாட். திருப்தியாக மறுபடி பட்டனை அழுத்தினேன். அப்போதுதான் திரையில் சிவப்புப் புள்ளி வந்தது.

புரிகிறதா? கேமரா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. முதல் அழுத்தில் நின்றிருக்கிறது. நான் லாரியில் ஏறியது, என் செருப்பு, தார்ப்பாய் எல்லாம் பதிவாகியிருந்தது. ஷாட் மட்டும் இல்லை.

அதற்குள் ஹீரோவைக் கூட்டம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. அரை கிலோமீட்டர் துரத்திப் பிடித்தேன். செருப்பில்லாமல் ஜாலியாக நடந்துகொண்டிருந்தான். திரும்பி வாடா என்றால் வரமாட்டேன் என்கிறான்.

"மச்சான், அம்மா இப்பதான் போன் பண்ணாங்க. பவுர்ணமி அன்னைக்கு வலம் ஆரம்பிச்சிட்டு பாதியில திரும்புனா குடும்பத்துக்கு ஆகாதாம். சுத்தி முடிச்சிட்டு வந்துடுறேன்டா."

"டேய், பதினாலு கிலோமீட்டர்டா."

"அதுக்கு நான் என்னா பண்றது? ரெக்கார்டு போடாதவன் நீ."

தலையணையையும் மெகாஃபோனையும் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன். மீசையைத் தரமாட்டேன், வலிக்குது என்றான். லட்சம் பேர் ஒரு பக்கம் வர, நான் ஒருத்தன் மறுபக்கம். முழங்கை, பை, குடை என்று அத்தனையும் என் மேல்தான். ஒரு அக்கா நின்று, "ஏம்பா, எல்லாரும் எங்க போறாங்க, நீ எங்க போற?" என்று கேட்டார். அந்த நிமிஷம் எனக்கே தெரியவில்லை.

மினி லாரியிடம் வந்து சேர்ந்தபோது அழுகை வராத குறை. டைரக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் வேணா நிக்கட்டுமா தம்பி?" என்றார். வேறு வழி? தலையணையை நீட்டினேன். எதுக்கு என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்று பின்னால் ஒளித்தேன். உங்க போர்க்கள சீனுக்கு அன்னைக்கு என்ன பண்ணீங்களோ அதையே பண்ணுங்க சார் என்றேன். மெகாஃபோனும் வேண்டாம் என்றுவிட்டார்.

இந்த முறை சிவப்புப் புள்ளியை மூன்று தடவை பார்த்துக்கொண்டு ஆக்‌ஷன் சொன்னேன். அவர் கூட்டத்துக்கு முன்னால் போய், அவர்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். கும்பிட்ட கை. ஒவ்வொருவரிடமும் மெதுவாக ஏதோ சொல்கிறார். நான் மேலிருந்து "சார், கத்துங்க சார்" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. என் காமெடி கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தது. திடீரென்று நாற்பது ஐம்பது பேர், நடை நிற்காமல், ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள். ஃப்ரேம் முழுக்கக் கை.

திரும்பி வந்தவரிடம் கடுப்பாகவே கேட்டேன், ஏன் சார் கத்தவில்லை என்று.

"நான் எப்ப கத்துனேன்? கத்துனா முன்னாடி போறவங்க நின்னுடுவாங்க தம்பி. பின்னாடி வர்றவங்க வந்து இடிப்பாங்க. குழந்தை குட்டியோட வர்றாங்க இல்ல? கேட்டா தூக்குவாங்க. அதான் கேட்டேன்."

எனக்குள் எங்கேயோ இடித்தது. சும்மா கேட்பது மாதிரி, அந்த ஹெலிகாப்டர், டேபிள் ஃபேன் எல்லாம் எப்படி சார் பண்ணீங்க என்றேன். அவர் வேட்டியை மடித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"என் படத்துல ஏது ஹெலிகாப்டர்?"

ஃபேன் சீனை நாங்கள் போன வாரமே எடுத்து முடித்திருந்தோம். முதல் ஆறு நிமிஷம் முழுக்க அந்த மாதிரிதான். அவருடைய படத்தை நானும் பார்த்ததில்லை, அந்தக் கதைகளைச் சொன்ன யாரும் பார்த்ததில்லை.

மறுபடி எடுக்க நேரமில்லை. அப்படியே ஒட்டிக் கொடுத்தேன். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஃபேன் சீனுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். கடைசி சீனில் நிமிர்ந்து உட்கார்ந்து, இவர் யார், நல்லா நடிக்கிறாரே என்று கேட்டார். பாஸ் போட்டார்.

யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் பஸ்ஸில் பத்து நிமிஷத் தூரத்தில்தான் இருந்தார், கேட்காமலே அவர் வாழ்க்கையை நான் எழுதி முடித்திருந்தேன் என்பது இப்போதும் சில நாள் தூங்கவிடாது.

படத்தை எப்போது காட்டுவாய் என்று வாரம் ஒரு முறை போன் பண்ணுகிறார். கடைசி சீனை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தன் கடையில் ஓடவிட்டு மனு எழுத வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம். முதல் ஆறு நிமிஷத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.