இடது கையில் ஒரு ஹாரன்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். டெப்போவில் அவருக்குப் பெயர் 'கிரேன்'. அந்தக் காலத்துப் பஸ்ஸில் ஸ்டியரிங்கைத் திருப்புவது என்றால் சும்மாவா? நின்ற இடத்திலேயே வளைக்க வேண்டுமானால் மற்ற டிரைவர்கள் தம் கட்டிக்கொண்டு தொங்குவார்கள். இவர் ஒற்றைக் கையால் வளைத்துவிட்டு மற்ற கையால் மீசையைத் தடவுவார். அந்த மீசையை ஒருநாள் கத்தரிக்கப்போகிறேன் என்று மிரட்டிக்கொண்டே இருந்தேன். கடைசிவரை நடக்கவில்லை.

ஹாரனும் அப்போது கையால் அழுத்துவதுதான். ஜன்னலுக்கு வெளியே பித்தளைக் குழல், அதன் முனையில் பெரிய ஆரஞ்சு அளவுக்கு ஒரு ரப்பர் குமிழ். சாயங்காலம் கடைசி டிரிப்பில் எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது இரண்டு தடவை அழுத்துவார். பாம், பாம். வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், சாப்பாட்டைப் பார் என்று அர்த்தம். கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பேன். "பொண்டாட்டியைக் கூப்பிட கம்பெனி ஹாரனா?" என்று மாடிவீட்டு அக்கா கிண்டல் செய்வாள். எனக்கு வெட்கமாக இருக்கும். உள்ளுக்குள் ஒரே பெருமை.

ஒரு மழைக்காலக் காலையில் இஞ்சின் கிளம்பவில்லை. முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றியிருக்கிறார். இஞ்சின் திருப்பி ஒரு உதை விட்டதில் கம்பி சுழன்று அடித்து மணிக்கட்டு முறிந்துபோனது. வலது கை. முழங்கைவரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

டெப்போ மேனேஜர் வீட்டுக்கே வந்தார். "கட்டுப் பிரிச்சு கொஞ்ச நாள் போகட்டும், யார்டுல ஒரு டெஸ்ட் வைப்போம். நின்ன வண்டியில ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பணும். முடியலேன்னாலும் கவலைப்படாதீங்க, கேட்ல வேலை போட்டுத் தரேன்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். கேட்டில் வேலை என்றால் வண்டி வரும்போது சங்கிலியை அவிழ்ப்பது, போனபின் மாட்டுவது. அவர் கிளம்பியதும் இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அவனவன் என் வண்டியை எடுத்துட்டுப் போவான், நான் உக்காந்து பாக்கணுமா?"

அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. 

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களுக்குப் பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருத்தி இருந்தாள். "சும்மா இருக்கற இடது கையை நல்லா பழக்குங்க. வலது கைக்கும் கொஞ்சம் போய்ச் சேரும்" என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அதெப்படிம்மா? இவர் சாப்பிட்டா என் வயிறு நிறையுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "கையை இறுக்கறதுக்கு உத்தரவு மூளையிலேருந்துதானே வருது? ஒரு கைக்குப் போட்டுப் பழகினா அடுத்த கைக்குப் போடறதும் மறக்காது. முழுசா காப்பாத்தாது. ஆனா கட்டுக்குள்ள கை அடியோட விட்டுப்போகாம இருக்கும்."

மறுநாளே இவர் டெப்போவில் ஓட்டம் முடிந்து ஒதுக்கிப்போட்ட வண்டியிலிருந்து ஒரு ஹாரனைக் கேட்டு வாங்கிவந்து, சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னார். கட்டினேன். வலது கை எவ்வளவு பலமோ இடது கை அவ்வளவு நோஞ்சான். ஹாரன் விக்கல் எடுத்ததுபோல் ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

"இதுக்கு நம்ம வீட்டுப் பூனையே தேவலை" என்றேன். முறைத்தார்.

காலையிலும் மாலையிலும், கை ஓய்ந்து தானாகக் கீழே விழும்வரை அழுத்துவார். வேடிக்கை என்னவென்றால், கை கொஞ்சமும் பெருக்கவில்லை, சத்தம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. வெகுநாள் கழித்துத்தான் முன்கை லேசாகத் திரண்டது. "யாருடி அது, சமையக்கட்டுல பஸ் ஓட்டறது?" என்று மாடியிலிருந்து அக்கா கத்துவாள். சாயங்காலம் தெருமுனையில் பஸ் போகும் சத்தம் கேட்கும். ஹாரன் வராது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பேன்.

கட்டுப் பிரித்த அன்று அந்தக் கையைப் பார்க்கச் சகிக்கவில்லை. வெளுத்து, தோல் உரிந்து, சூம்பிக் கிடந்தது. இவர் வீட்டுக்கு வந்து நேராக ஜன்னலுக்குப் போனார். வலது கையைக் குமிழில் வைத்தார். நான் சாமான் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நின்றேன். சன்னமாகத்தான் வந்தது, ஆனால் முழு ஹாரன்.

"மறக்கலடி! கை மறக்கல!" என்று குழந்தை மாதிரி குதித்தார். அதன்பிறகு இரண்டு கைக்கும் வேலை.

டெஸ்டுக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. வந்தால் மேனேஜரை ஏதாவது சொல்லிவைப்பேன் என்று பயம். தேறினால் அன்றைக்கே கடைசி டிரிப் கொடுப்பார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தேன். பஸ் சத்தம் கேட்டது. பாம். அப்புறம் கொஞ்சம் தேய்ந்த மாதிரி இன்னொரு பாம். அழுதுகொண்டே அடுப்பைப் பற்றவைத்தேன். டெஸ்டில் ஸ்டியரிங்கை இரண்டு கையும் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்தாராம். "மீசையைத் தடவக் கை ஒழியலடி" என்றார்.

ரிட்டயர் ஆகும்வரை ஓட்டினார். இப்போது பையன்கள் ஒரு விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றுகிறார்கள். பார்க்க அவர்தான் இல்லை.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எனக்கும் வலது மணிக்கட்டுதான். பிடித்து அமுக்கப் பந்து வாங்கித் தருகிறேன் என்றாள் மகள். "பந்து எதுக்கு? உங்கப்பா ஹாரனை எடுடி" என்றேன். பரணில் கிடந்தது. ரப்பர் வெடித்திருந்தது. மாப்பிள்ளை எங்கெங்கோ அலைந்து புதுக் குமிழ் மாட்டிக் கொடுத்தார்.

என் இடது கைக்கும் முதலில் விக்கல்தான். நேற்றுச் சாயங்காலம் ஆத்திரம் தாங்காமல் பல்லைக் கடித்து அழுத்தினேன். பாம். விடவில்லை, இன்னொரு தடவை. பாம்.

அடடா, வந்துவிட்டதே என்று நினைத்து முடிப்பதற்குள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்திருந்தேன்.

"யாருக்கும்மா அடுப்பு?" என்று பின்னாலேயே வந்தாள் மகள்.  அணைக்க மனசு வரவில்லை.