மூன்று நாள் கேங்கிலியன்

போத்தலைக் குலுக்கிக்கொண்டே, அடுத்த ஆள் நடந்து வருகிற விதத்தைப் பஞ்சலிங்கம் பார்ப்பார். படி ஏறுவதற்குள் நோய் தீர்மானமாகிவிடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் விளக்கெண்ணெய். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தால் கொயினா. ஒன்றையும் பிடிக்காமல், ஒன்றையும் போர்த்தாமல், தலை குனிந்தபடி வாசலில் வந்து நின்றால் போத்தலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுப்பார்.

"எத்தினை நாள் வேணும்?"

"நீங்களே பாத்துப் போடுங்கய்யா."

"உனக்குக் கேங்கிலியன். ரெண்டு நாள் படுத்திரு. பால்கத்தியைத் தொடக் கூடாது."

தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் பதினொரு வருடமாக டிஸ்பென்சர். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். துரைக்குத் தமிழ் வாசிக்க வராது; பெரிய கிளாக்கருக்கு வரும். அவர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர் வேறு. நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். பத்திரிகை வாசிக்கிற சாக்கில் காலையில் மருந்துச்சாலை வாங்குப் பலகையில் போய் உட்காருவேன்.

பஞ்சலிங்கம் கட்டையான மனிதர். கரவெட்டிப் பக்கம். புழுங்கிச் சாகடிக்கிற வெயிலிலும் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். அட்டைக்குப் பயந்து கணுக்காலில் சவர்க்காரம் பூசுவார். மழை பிடித்தால் நடக்க நடக்க நுரை வரும். குளித்ததும் நெற்றியில் திருநீறு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். இரண்டும் படுக்கிற வரை இறங்குவதில்லை. அந்தக் குழாயைக் காதில் வைத்து அவர் பார்த்ததை நான் இரண்டே தரம்தான் கண்டிருக்கிறேன். ஒருதரம் அதை வைத்துப் பார்த்தது துரையின் நாயை.

கேங்கிலியன் என்ற சொல்லை அவர் எடுத்தது ஒரு தடித்த உடற்கூற்றுப் புத்தகத்திலிருந்து. போன நூற்றாண்டில் அச்சான தமிழ்ப் புத்தகம், தலையணைக்கும் உதவும். ஒருநாள் விளக்கம் கேட்டேன்.

"கவனமாய்க் கேளும் மாஸ்டர். உடம்பெல்லாம் நரம்பு ஓடுது. ஓடுற நரம்பெல்லாம் சில இடங்களிலை கூடிக் கட்டிபட்டு நிக்கும், சந்தியிலை பஸ்சுகள் நிக்கிற மாதிரி. உதுதான் கேங்கிலியன்."

"அப்ப அது வருத்தமில்லையே?"

"வருத்தமில்லை. உமக்கும் இருக்கு, துரைக்கும் இருக்கு. பிறகு, சில பேருக்கு மணிக்கட்டிலை நெல்லிக்காய் அளவிலை ஒரு வீக்கம் எழும்பும். அதுக்கும் வெள்ளைக்காரன் இதே பேரைத்தான் வைச்சிருக்கிறான். பேருக்கு அவ்வளவு பஞ்சம்."

புத்தகத்தில் இருப்பது இந்த இரண்டு பொருள்தான். மூன்றாவது பஞ்சலிங்கத்தின் சொந்தச் சரக்கு. இன்ன இன்ன நோய்க்குத்தான் வேலையிலிருந்து நிற்கலாம் என்று ஆபீசில் ஒரு பட்டியல் தொங்குகிறது. காய்ச்சல், வயிற்றுளைவு, பறங்கிப் புண், பிரசவம். அலுப்பு அதில் இல்லை. புருஷனிடம் அடிவாங்கிய மறுநாள் அதில் இல்லை. எனக்கு முதலில் இது சுத்தப் பித்தலாட்டமாகத்தான் பட்டது. முத்துவீரனின் பெண்சாதி பிள்ளையைப் புதைத்த மறுநாள் காலை வந்து நின்றாள். இவர் ஒன்றும் கேட்காமல் ஒரு வாரத்துக்குக் கேங்கிலியன் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன்.

தொழிலாளர் குடியிருக்கிற லயங்களில் அந்தச் சொல் இப்போது தாராளமாகப் புழங்குகிறது, கொஞ்சம் தேய்ந்து. சோம்பிக் கிடக்கிற மகளிடம் தாய், "ஒனக்கு என்ன கெங்கிலியா? எந்திரிச்சுப் போயித் தண்ணி எடுடி" என்பாள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தாரும் மருந்துக்கு வருவார்கள். அவர்களுக்கு அவர் "நஹர கெட்டயக்" என்று, நரம்பில் ஒரு முடிச்சு என்கிற அர்த்தத்தில் சொல்லி அனுப்புவார். தோட்டத்து வேலைக்காரர் அல்லாததால் அவர்களுக்கு லீவு எழுத வழியில்லை. ஆனாலும் வியாதிக்குப் பெயர் கிடைத்த திருப்தியோடு போவார்கள்.

பழைய துரை இருந்த பத்தரை வருடமும் இந்தச் சொல்லைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. தெரியாததைக் காட்டிக்கொள்ள அவருக்கு வெட்கம். ஆறு மாதத்துக்கு முன் வந்த புதுத் துரைக்கு அந்த வெட்கம் கிடையாது. எழுதியது எதைக் கண்டாலும் எடுத்து வாசிக்கிற துரை.

போன மாதம் ஒரு காலை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற அழகம்மா வாசலில் வந்து நின்றாள். தலை குனிந்த நடை.

"ஐயா, புஷ்பத்துக்கு வலி கண்டிருச்சாம். ருவான்வெல்லையிலேருந்து ஆளு வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. தலப்பெரசவம். அங்கிட்டு என் மகளுக்கு யாருமில்லீங்க. லீவு கேட்டா, நோவு ஒனக்கா ஒன் மகளுக்கான்னு கேக்குறாரு பெரிய கங்காணி."

மருந்துச்சாலை லீவுத் துண்டில்லாமல், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வராதவளை மறுநாள் வேலையிலிருந்தே நிறுத்திவிடுவார்கள். அது அங்கே எல்லாருக்கும் தெரியும். பஞ்சலிங்கம் பேனாவை எடுத்தார். கேங்கிலியன், மூன்று நாள். ருவான்வெல்லைப் பக்கம் போகிற பஸ்சுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

மை காயவில்லை, துரை உள்ளே வந்துவிட்டார். கையில் ஒரு கட்டுத் துண்டுகள். ஒரே மாதத்தில் நாற்பத்தொரு கேங்கிலியன். இது என்ன தோட்டமா, நரம்பாஸ்பத்திரியா என்று இங்கிலீஷில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எனக்கு ஒன்றைக் காட்டும், கண்ணால் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் நாற்பத்தொன்றையும் கட்டி மாகாணத்துப் பெரிய டாக்டருக்கு அனுப்புவேன் என்றார்.

பஞ்சலிங்கம் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். திரும்பக் கழற்றினார். அவருடைய வேலை போனால் ஊருக்குப் போய்விடலாம். வாசலில் நிற்கிறவள் எங்கே போவாள்?

அப்போது அழகம்மா துரைக்குக் கையெடுத்துச் சலாம் வைத்தாள். வலது மணிக்கட்டின் மேல், நெல்லிக்காய் அளவில், மொழுமொழுவென்று ஒரு வீக்கம். கத்தியைத் திருப்பித் திருப்பி மரத்தில் இழுக்கிற கை. இரண்டு வருடமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. நடையை மட்டும் பார்த்துத் துண்டு எழுதுகிற மனிதர் ஒருநாளும் கையைப் பார்க்கவில்லை.

பஞ்சலிங்கம் ஒரே தாவாகத் தாவி அந்தக் கையைப் பிடித்தார். "திஸ், சேர்," என்றார். குரலில் அத்தனை நாளும் இல்லாத கம்பீரம்.

துரை பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். எந்தத் துரையும் தன் கையைத் தொட்டறியாத அழகம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு, "அது பாட்டுக்குக் கெடக்குதுங்க தொரை. நோவு ஒண்ணும் இல்லீங்க" என்றாள். பஞ்சலிங்கம் அவள் காலை மிதித்தார்.

மற்ற நாற்பத்தொரு பேருக்கும் இப்படியா என்று கேட்டார் துரை. சிலருக்கு வெளியே எழும்பும், அநேகம் பேருக்கு உள்ளேயே நிற்கும், உள்ளே நிற்பதற்கு ஓய்வுதான் மருந்து என்றார் பஞ்சலிங்கம். வெளியே எழும்பினதற்கு? கனமான புத்தகத்தால் ஒரே அடி. அப்படியானால் அடித்துக் காட்டும், பார்க்கலாம் என்றார் துரை.

மருந்துச்சாலையில் கனமான புத்தகம் ஒன்றுதான் இருந்தது. பஞ்சலிங்கம் அதை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார். அழகம்மாவின் கையை மேசையில் வைத்து, ஓங்கி ஒரு போடு போட்டார். அவள் கத்தவில்லை, நான்தான் கத்தினேன். புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தால் வீக்கத்தைக் காணோம். கை சமமாக, சிவந்து கிடந்தது.

மூன்று பேரும் மாறி மாறித் தடவிப் பார்த்தோம். அதிகம் ஆச்சரியப்பட்டவர் பஞ்சலிங்கம்தான். ஆனால் அதை மறைத்துவிட்டார். துரை அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். தோட்டத்துக்கு இப்படி ஒரு வைத்தியர் கிடைத்திருப்பது பாக்கியம் என்றார். கொண்டுவந்த கட்டைத் தன் பைக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டார். பஞ்சலிங்கம் முகம் மலர்ந்து நின்றார். அத்தனை பல் அவருக்கு உண்டென்று அன்றைக்குத்தான் கண்டேன்.

துரை தொடர்ந்து பேசினார். வியாதி தீர்ந்துவிட்டது, மூன்று நாள் எதற்கு, நாளைக்கே பால் வெட்டலாம். சொல்லிக்கொண்டே மேசையில் கிடந்த துண்டை எடுக்கக் கையை நீட்டினார்.

அழகம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தக் கை எங்கே போகிறதென்று தெரிந்தது. "ஐயா," என்றாள், அவ்வளவுதான்.

பஞ்சலிங்கத்தின் பல் மறைந்தது. துரைக்கு முந்தித் துண்டை இழுத்துக்கொண்டார். அவளுடைய இடது கையைக் கேட்டு வாங்கினார். கட்டியோ வீக்கமோ இல்லாத அந்த மணிக்கட்டைப் புரட்டி, அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, மிகவும் கவலையோடு தலையை ஆட்டினார். பிறகு பேனாவை எடுத்து, துண்டில் இருந்த மூன்றை வெட்டி ஐந்தாக்கினார்.