சுடாத தண்ணீர்

செய்தித்தாளில் தீவிரம் என்ற சொல் வராத நாள் குறைவு. புயல் தீவிரமடைகிறது. திருடனைத் தேடும் பணி தீவிரம். பிரசாரம் தீவிரம். எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைப் பேசியதில்லை. பட்டு நூலுக்குச் சாயம் போடும் வீடு எங்களுடையது. நிறம் என்றால் இளசு, நடுத்தரம், கெட்டி. அடுப்பு என்றால் மந்தம், நிதானம், திகுதிகு. வலிக்கு 'லேசா' என்ற ஒன்றே போதும். நாட்குறிப்பில் நானும் இவற்றைத்தான் எழுதிவந்தேன்.

அன்று அரக்குச் சிவப்பு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது நூலை இறக்கி, பிறகு சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும். சட்டென ஏறினால் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அந்தப் பதத்தை என் கணவர் கையை விட்டுத்தான் பார்ப்பார். மகள் வாங்கிக் கொடுத்த வெப்பமானி ஆணியில் தொங்குகிறது.

"இன்னாடா அடுப்பு எரிக்கிற? தண்ணி சில்லுனு கீது" என்றார் தன் தம்பியிடம்.

"ஆவி வந்துகினு இருக்குதுண்ணா."

"ஆவி வந்தா ஆச்சா? கட்டையப் போடு."

மறுபடி கையை விட்டார். இந்த முறை சற்று நேரம் வைத்திருந்தார். எடுத்தபோது கை மணிக்கட்டுவரை சிவந்திருந்தது. எங்கள் வீட்டில் கை சிவப்பது செய்தியே இல்லை. நேற்று பச்சை, முந்தாநாள் நீலம். நூலை இறக்கச் சொல்லிவிட்டு அவர் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தார். சிவப்பு இறங்கவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார். தோல் உரிந்து மறு கையோடு வந்தது.

சேவூரிலிருந்து ஆரணி ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ஸில் போனோம்.

"வலி எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வலியே இல்லீங்க டாக்டர்." அவர் அதை நல்ல சேதியாகச் சொன்னார்.

"அதாங்க தீவிரம். சர்க்கரையில ரெண்டு கையிலயும் நரம்பு மரத்துப் போயிருக்கு. விரலைக் காப்பாத்த முடியுமான்னு கொஞ்ச நாள் போனாத்தான் சொல்ல முடியும்."

எனக்கு அழுகை வரவில்லை. மருந்துச் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன். திரும்பும்போது ஜன்னலோர இடம் கிடைத்தது. வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து, பாதியில் நின்ற நூலை உதறிக் காயப்போட்டேன். திட்டுத்திட்டாகத்தான் பிடித்திருந்தது. நாட்குறிப்பில் முதல் முறையாகத் தீவிரம் என்று எழுதினேன். அடுத்த வரியில் மாவு அரைத்ததை எழுதினேன்.

ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் டாக்டரம்மா ஊசி முனையால் விரல் விரலாகத் தொட்டுப் பார்ப்பார். இவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

"தெரியுதுங்க."

"இன்னும் குத்தவே இல்லைங்க."

நர்ஸ் சிரித்துவிட்டார். இவரும் சிரித்தார். நான் சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் உள்ள கையில் நரம்புகளை மஞ்சளில் போட்டிருந்தார்கள்.

கடைசியில் சுண்டுவிரல் போயிற்று. மற்றவை நின்றன, உணர்வில்லாமல்.

கட்டுடன் அவர் மீண்டும் தொட்டியருகே வந்தபோது, கையை விடும் வேலை எனக்கு வந்தது. வெப்பமானியைக் கழற்றிக் காட்டினேன். அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"எப்படிச் சுடுது?"

"சுடுதுங்க."

"சுடுதுன்னா? சோறு பெசையற சூடா, கொழந்தைக்கு ஊத்தற சூடா?"

யோசித்தேன். "கொழந்தைக்கு ஊத்தற சூடு."

"அப்ப இறக்குடா."

கொழுந்தனார் நூலை இறக்கினார். அடியில் கட்டை சடசடத்தது. என் கை இன்னும் தண்ணீரில் இருந்தது. சூடு ஏறுவது தெரிந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"எடும்மா, வெந்துடப்போவுது." கட்டுப்போட்ட கையாலேயே என் மணிக்கட்டை இழுத்தார்.

கை சிவந்திருந்தது. அவர் குழாயடிவரை கூடவே வந்து நின்றார். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சிவப்பு இறங்கியது.