கல்லுப்பு ஒத்தடம்

அமுதவல்லிக்கு வியாழக்கிழமை வந்தால் வீடு கல்யாண வீடு. மற்ற நாட்களில் அவளோடு பேசுவதற்கு டிவியை விட்டால் நாதி கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் பிரபு திருப்பூரில் இருக்கிறான். மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்த காலத்தில் ஊர்க்கதை பேச வரப்பு நிறைய ஆள் இருந்தது. முட்டி தேய்ந்து கால் மடங்க மறுத்ததும் வேலை நின்றது, கூடவே பேச்சும் நின்றது. அந்தப் பெண்கள் எல்லோரும் இன்னும் அதே உப்பளத்தில்தான் இருக்கிறார்கள். இவளை எட்டிப் பார்க்கத்தான் ஒருத்திக்கும் நேரமில்லை.

அப்படிக் கிடந்தபோதுதான் சந்தியா வந்தாள். சித்த மருத்துவம் படித்த சின்னப் பெண். முடக்கத்தான் மூட்டுவலியைக் குறைக்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள். வேலியில் கேட்பாரற்றுப் படர்கிற கொடிதான். மாத்திரையாக்கி டப்பாவில் போட்டதும் அதற்கு வந்த மவுசைப் பார்க்க வேண்டுமே! சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று சந்தியாவுக்கே தெரியாது. வேறு வைத்தியம் எதுவும் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாள். அமுதவல்லி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாராவாரம் வீட்டுக்கே வந்து பார்ப்பேன் என்றது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

வந்தால் சந்தியா காலை மடக்கச் சொல்வாள், நடக்கச் சொல்வாள், வலி எப்படி என்று கேட்பாள். வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அமுதவல்லி மீதி உலகத்தையெல்லாம் பேசுவாள். பாவம், அந்தப் பெண்ணும் டீ ஆறும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு வியாழன் அமுதவல்லி நடந்த நடையைப் பார்த்துச் சந்தியா கைதட்டிவிட்டாள்.

"சூப்பர்மா! மொத மொத வந்தப்போ சுவத்தப் புடிச்சிட்டு நின்னீங்க."

"நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் டாக்டரம்மா இந்த நடை. காலையிலயே கல்லுப்ப வறுத்து, துணியில முடிஞ்சி ஒத்தடம் குடுத்துடுவேன். நீங்க சந்தோஷப்படணும்ல?"

சந்தியாவின் முகம் சுருங்கிப் போனது.

"வேற வைத்தியமே கூடாதுன்னு சொன்னேனேம்மா."

"வைத்தியமா? அது உப்பு டாக்டரம்மா!"

அவள் மழுப்பவில்லை. உப்பளத்திலிருந்து வந்தால் கைகால் கழுவுகிற மாதிரி ஒத்தடமும் கொடுத்துக்கொள்கிற ஊர் அது. அதைப் போய் மருந்து என்றால் சிரிப்பார்கள்.

சந்தியா வெளியே போய் இந்தச் சோதனையை நடத்துகிற பெரிய டாக்டரிடம் ஃபோனில் கெஞ்சினாள். திரும்பி வந்து, முகத்தைப் பார்க்காமல் மாத்திரை டப்பாவை எடுத்துப் பையில் வைத்தாள்.

"கொறஞ்சது மாத்திரையாலயா உப்பாலயான்னு இனிமே சொல்ல முடியாதும்மா. சோதனையிலேர்ந்து உங்கள எடுத்துடச் சொல்லிட்டாங்க."

"அப்ப அடுத்த வாரம்?"

"வர முடியாதும்மா. வேற ஊரு குடுத்துடுவாங்க. நீங்க ஒத்தடத்த விடாதீங்க, நல்லா கேக்குது உங்களுக்கு."

அமுதவல்லி ஸ்கூட்டர்வரை கூடவே போனாள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒத்தடத்த விட்டுடுறேன். வலிச்சா வலிச்சிட்டுப் போவுது. நீங்க வாங்க டாக்டரம்மா."

சந்தியா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு, பிரம்மதேசம் சாலையில் வண்டியைத் திருப்பினாள். அமுதவல்லி நடுத்தெருவில் தனியாக நின்றாள். கால் துளிகூட வலிக்கவில்லை. அதை நினைத்துத்தான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.